ஓராண்டுச் செடியும் பல்லாண்டுச் செடியும்: காட்டுப் பூக்களில் பூசண நோய் தங்கும் முறை

புணேயிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில், வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் தேஹு ரோடு நிலையம் இருக்கிறது. இராணுவக் கிடங்குகளால் பெயர் பெற்ற இவ்வூருக்கு அண்மையில், துக்காராம் அடிகள் தியானம் செய்த இடமெனப் போற்றப்படும் பண்டாராக் குன்றும், பழைய பௌத்தக் குகைகளையுடைய கோராடேஷ்வர்க் குன்றும் உள்ளன. இவை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறைக் குன்றுகள். மேல் மண் மிகவும் குறைவு. மே மாதத்தில் இவற்றைக் காண்பவர், இங்கே காய்ந்த புல்லும் முட்புதரும் தவிர வேறொன்றும் விளையாது என்றே எண்ணுவர். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியபின் சில வாரங்களுக்குள் அதே சரிவுகள் பூக்களால் மூடப்பட்டுவிடும்.

இப்பூக்களை உற்றுநோக்கினால், அவற்றைத் தரும் செடிகள் இரு வேறு வாழ்க்கை முறைகளைக் கைக்கொள்பவை என்பது விளங்கும். காசித்தும்பை, பண்ணைப்பூ, மராத்தியர் சோன்கி என வழங்கும் மஞ்சட்பூ ஆகியன விதையிலிருந்து முளைத்து, பூத்து, காய்த்து, விதை சிந்தி, மழைக்காலம் முடிந்ததும் மடிந்துவிடும் ஓராண்டுச் செடிகள். காசித்தும்பையின் நிறம் மூன்று நாளைக்கே என்று மராத்தியில் ஒரு பழமொழி உண்டு. செங்காந்தள், காட்டுமஞ்சள், விஷ்ணுகிராந்தி முதலியவை அவ்வாறல்ல. இவற்றின் மேற்பகுதி வாடிப்போயினும், கிழங்கோ வேர்க்கட்டையோ பாறையிடுக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் மீண்டும் தளிர்விடும். இவை பல்லாண்டுச் செடிகள்.

பூசண நோய்களுக்கு இவ்விரு வகைகளுள் எது மிகுதியாக ஆட்படும்? கிராமச் சேவகர் ஒருவரிடமோ, உயர்நிலைப் பள்ளி மாணவரிடமோ இவ்வினாவை எழுப்பினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: மென்மையான தண்டும் குறுகிய ஆயுளும் உடைய ஓராண்டுச் செடியே நோய்க்கு எளிதில் இரையாகும், பல ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் செடி நோயையும் தாங்கும் என்பர். இவ்விடையில் ஒரு பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதியைக் கொண்டு மற்றப் பாதியை முடிவு செய்வது தவறு. ஒரு செடி நோய் தொற்றினால் தாங்குமா என்பது ஒரு கேள்வி. அச்செடியை நோய் வந்தடையுமா, வந்தபின் அவ்விடத்தில் நிலைக்குமா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வயலோரத்தில் எடுக்கப்படும் நடவடிக்கைகள் பல, உழைப்பையும் பணத்தையும் வீணாக்கியிருக்கின்றன.

மகரந்தத்திற்குப் பதிலாகப் பூசணம்

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை, கார்னேஷன் பூ சேர்ந்த குடும்பத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சாலையோரங்களிலும் மலைப் புல்வெளிகளிலும் வளரும் சைலீன் என்னும் காட்டுப் பூச்செடியை மகரந்தக் கரிப்பூட்டை நோய் பற்றுகிறது. இதனை உண்டாக்கும் பூசணத்திற்கு மைக்ரோபாட்ரியம் என்று பெயர். நோயுற்ற செடி வாடுவதில்லை. இலைகளில் புள்ளியும் தோன்றுவதில்லை. பூவின் மகரந்தப்பைகளில் மட்டும் மஞ்சள் நிற மகரந்தத்திற்குப் பதிலாகக் கருஊதா நிறப் பொடி நிறைந்திருக்கும். அது மகரந்தமன்று, பூசணத்தின் வித்து. தேன் தேடி வரும் அந்துப்பூச்சியும் தேனீயும் இப்பொடியை உடலில் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்கின்றன. மகரந்தத்தைச் சுமக்க இயற்கை அமைத்த வழியிலேயே நோய் பயணம் செய்கிறது.

ஆண் செடி, பெண் செடி என இரண்டு தனித்தனியாக வளரும் சைலீன் இனங்களில் வியப்பு இன்னும் கூடுதல். நோயுற்ற பெண் செடியின் பூவில், அதற்கு இயல்பாக இல்லாத மகரந்தப்பைகள் தோன்றிவிடும், சூலகம் குன்றிப்போகும். பூசணம் தன் வித்தைப் பரப்புவதற்காக ஆதாரச் செடியின் பால் உறுப்புகளையே மாற்றியமைத்துவிடுகிறது. (பூசணம் எந்தச் செடியில் தங்கி உணவு பெறுகிறதோ அதனை இக்கட்டுரையில் ஆதாரச் செடி என்போம்.) இவ்வாறு நோய்ப்பட்ட செடி மலடாகிறது, ஆனால் சாவதில்லை. பூசணம் செடியின் அடிப்பகுதியில் குளிர்காலம் முழுவதும் தங்கி, அடுத்த வசந்தத்தில் எழும் ஒவ்வொரு தளிரிலும் ஏறி, ஒவ்வொரு பூவையும் மீண்டும் கருஊதாவாக்கும்.

1993-ஆம் ஆண்டில் திரால், பியரே, அன்டனோவிக்ஸ் என்னும் மூவர், இந்நோய் எவ்வெவ் இனங்களில் பதிவாகியுள்ளது என்பதைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோய் காணப்பட்ட இனங்கள் பெரும்பாலும் பல்லாண்டுச் செடிகளாகவே இருந்தன. பின்னர் 2010-இல் ஹூட் முதலானோர், உலர்தாவரத் தொகுப்புகளில் உள்ள பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, மகரந்தப்பையில் கரும்பொடி உண்டா எனச் சோதித்தனர். நூறாண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வேறு நோக்கத்துடன் பறித்து அழுத்தி வைத்த பூவே இங்கு சாட்சியாயிற்று. அச்சோதனையும் முன்னதையே உறுதிப்படுத்தியது: ஒரே குடும்பத்தில், பெரிதும் ஒத்த பூ அமைப்புடைய செடிகளிடையே, நோய் பல்லாண்டு இனங்களில் தங்குகிறது, ஓராண்டு இனங்களில் அது கிட்டத்தட்ட இல்லை.

இவ்வளவில் நின்றால், ஓராண்டுச் செடிகள் இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் பெற்றவை என்றே எவரும் முடிவு செய்வர். 2013-இல் கிப்சன் முதலான ஆராய்ச்சியாளர் இதனை நேரடியாகச் சோதித்தனர். ஓராண்டுச் சைலீன் இனங்களையும் பல்லாண்டுச் சைலீன் இனங்களையும் வளர்த்து, இரண்டின் மீதும் பூசணத்தை ஏற்றிப் பார்த்தனர். எதிர்பார்ப்புக்கு நேர்மாறான விடை கிடைத்தது. இயற்கையில் நோயே காணாத ஓராண்டு இனங்கள், சோதனையில் எளிதாக நோய்ப்பட்டன. இயற்கையில் நோயால் அல்லலுறும் பல்லாண்டு இனங்களிடமே எதிர்ப்பு மிகுதியாக இருந்தது.

முரண்பாடு தீரும் விதம்

இம்முடிவு முதலில் புதிராகத் தோன்றலாம். பூசணத்தின் நிலையில் நின்று கணக்கிட்டால் புதிர் அவிழும். கரிப்பூட்டைப் பூசணத்தின் வித்து ஒரு செடியில் இவ்வாண்டு விழுந்தால், அது உட்புகுந்து வளர்ந்து, பூவில் வெளிப்படுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டிலேயாகும். ஆதாரச் செடி அதற்குள் மடிந்துபோனால் பூசணமும் அத்துடன் முடிந்தது. நோயுற்ற செடி விதை தராததால், விதை வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியும் அடைபட்டிருக்கிறது. ஒரு செடி பத்தாண்டு வாழுமாயின் பத்துப் பருவங்களில் வித்துப் பரப்பலாம். ஒரு பருவமே வாழுமாயின் ஒன்றும் பரப்ப இயலாது. ஆகவே ஓராண்டுச் செடியைக் காப்பது அதன் உடலில் உள்ள எதிர்ப்பாற்றலன்று. நோய் முதிர்வதற்கு முன்பே தன் வாழ்வை முடித்துக்கொள்ளும் வாழ்க்கை முறையே அதன் காப்பு.

இதிலிருந்து மேலும் ஒன்று பின்தொடர்கிறது. எதிர்ப்பாற்றல் என்பது செடிக்கு விலையின்றிக் கிடைப்பதன்று. கடினமான தோல், கசப்பும் நஞ்சுமான பொருள்கள், நோய் புகுந்த இடத்தைச் சுற்றியுள்ள திசுக்களைத் தானே மடியச் செய்து அடைத்துவிடும் ஏற்பாடு ஆகிய யாவற்றுக்கும் உணவும் சக்தியும் தேவை. அச்சக்தியை விதைக்குச் செலவிட்ட செடியே, நோய் வாராத இடத்தில், அதிகச் சந்ததியை விட்டுச் செல்லும். தலைமுறை தலைமுறையாக நோயைச் சந்திக்காத ஓராண்டு இனம் எதிர்ப்பைக் கைவிடுவதில் வியப்பில்லை. நோயோடு ஆண்டுதோறும் போராடும் பல்லாண்டு இனத்தில், எதிர்ப்புடைய செடிகளே விதை தந்து பெருகுகின்றன. பின்லாந்துக்கு அருகேயுள்ள ஆலண்டு தீவுகளில் காட்டு வாழைப்பூண்டு ஒன்றின் சாம்பல் நோயைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வந்தவர்கள், இதே போக்கை ஒரே இனத்துக்குள்ளேயே கண்டனர்: மற்றக் கூட்டங்களோடு நெருங்கியிருந்து நோயை அடிக்கடி சந்திக்க நேரும் செடிக்கூட்டங்கள், ஒதுங்கி வளரும் கூட்டங்களைவிட எதிர்ப்பு மிக்கவையாக இருந்தன. இம்முடிவு 2014-இல் வெளியாயிற்று.

ஓராண்டுச் செடி பாதுகாப்பானது என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் உடன் சொல்ல வேண்டும். அதன் பாதுகாப்பு, நோய் வந்து சேராத வரைதான். வந்து சேர்ந்துவிட்டால், எதிர்ப்பு குன்றிய அச்செடிகள் கூட்டமாக வீழக்கூடும்.

நம் நாட்டுச் சான்றுகள்

சைலீன் செடியை இப்பகுதி ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்ட இயலாது. ஆனால் இதே விதியின் இரு பக்கங்களையும் விளக்கும் சான்றுகள் தென்னிந்தியாவிலும் மராட்டியத்திலும் தாராளமாக உண்டு.

மல்லிகையின் துரு நோயை முதலில் கொள்வோம். யூரோமைசிஸ் ஹாப்ஸோனி என்னும் துருப் பூசணம் மல்லிகை இனங்களைப் பற்றும். இலை, இளந்தண்டு, மொட்டு ஆகியவை வீங்கித் திருகிக்கொள்ளும்; அவற்றின் மீது ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள் போன்ற அமைப்புகள் தோன்றும். பல துருப் பூசணங்கள் தம் வாழ்க்கையைப் பூர்த்தி செய்ய இரு வேறு செடிகளை நாடும். இதற்கோ மல்லிகை ஒன்றே போதும். பல ஆண்டுகள் நின்று பயன் தரும் கொடியில், வேறிடம் செல்லத் தேவையற்ற பூசணம் குடியேறிவிட்டால், நோயுற்ற கிளையைக் கவாத்து செய்து எரிப்பதைத் தவிர எளிய வழி இல்லை. பிச்சி எனப்படும் சாதிமல்லியில் இத்துருவை ஆராய்ந்து 1939-இல் எழுதியவர் மைசூரைச் சேர்ந்த எம். ஜே. திருமலாச்சார். இவர் பின்னாளில், தேஹு ரோடுக்கு அடுத்துள்ள பிம்ப்ரியில் 1954-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். பூசணங்களைக் கொல்லும் ஹாமைசின், ஆரியோஃபங்கின் என்னும் மருந்துகள் 1960-களில் அங்கிருந்தே வெளிவந்தன; இவற்றுள் பின்னது பயிர் நோய்களுக்கெனப் பயன்பட்டது. புணே வட்டாரக் குன்றுகளில் குசர் எனப்படும் காட்டு மல்லிகை வளர்கிறது. கோடையில் அது பூக்கும்போது மொட்டுகள் திருகியுள்ளனவா எனப் பார்ப்பது பணியாளர்க்குக் கடினமன்று.

பல்லாண்டுப் பயிரில் துரு நிலைகொண்டால் விளைவு எவ்வளவு கொடியதாகும் என்பதற்கு இலங்கையின் காப்பித் தோட்டங்களே சான்று. 1869-இல் அங்கு கண்டறியப்பட்ட காப்பித் துரு, என்றும் பசுமையான இலைகள் நிறைந்த தோட்டங்களில் ஆண்டு முழுவதும் இடையறாது பெருகிற்று. மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் 1880-இல் அங்கு சென்று ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் பூசணமே என்றும், அதன் வித்து இலைமீது முளைத்துப் புகுவது எவ்வாறு என்றும் தெளிவுபடுத்தினார். ஆனால் தோட்டங்கள் அதற்குள் சீர்குலைந்துவிட்டன. காப்பி இருந்த மலைச்சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

இதற்கு எதிர்ப்பக்கம் கோதுமை. இது ஓராண்டுப் பயிர். புணே மாவட்டத்தில் குளிர்காலத்தில் விதைத்து, கோடை முதிர்வதற்குள் அறுவடை செய்துவிடுகின்றனர். அதன்பின் சமவெளியில் துருப் பூசணத்துக்குப் பசுமையான ஆதாரச் செடியும் இல்லை. வெயிலின் கடுமையில் அதன் வித்துகளும் பிழைப்பதில்லை. அவ்வாறாயின் அடுத்த குளிர்காலப் பயிரில் துரு எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் பணிபுரிந்த கே. சி. மேத்தா பல்லாண்டுக் காலம் இதனை ஆராய்ந்தார். மேலைநாடுகளில் பெர்பெரி என்னும் முட்புதர் தண்டுத் துருவுக்கு இடைக்கால ஆதாரமாக உதவுவது போல, இந்தியாவில் அது உதவவில்லை என்றும், இமயமலைப் பகுதிகளிலும் தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பருவத்தில் கோதுமை பயிராவதால் பூசணம் அங்கே தொடர்ந்து வாழ்ந்து, காற்றுவழி சமவெளிக்கு இறங்குகிறது என்றும் அவர் நிறுவினார். 1970-களில் நாகராஜனும் அவருடைய தோழர்களும், நீலகிரியிலிருந்து எழும் வித்துகளை வங்காள விரிகுடாப் புயல்களோடு கூடிய காற்றோட்டம் மத்திய இந்தியா வரை கொண்டு சென்று மழையுடன் இறக்குவதைக் காட்டினர். ஓராண்டுப் பயிர் ஓரிடத்தில் மறைந்துபோவதால் மட்டும் அதன் நோய் ஒழிவதில்லை என்பதையும், எங்கோ ஓரிடத்தில் பசுமை அறுபடாமல் இருந்தால் நோய்க்கு அதுவே போதும் என்பதையும் கோதுமை உணர்த்துகிறது. குன்னூருக்கு அருகே வெல்லிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிலையம் வைத்துத் துருவைக் கண்காணிப்பதன் காரணம் இதுவே. கோதுமை பெரிய பரப்பில் விளையாத ஒரு மாவட்டத்தில் கோதுமை நோய்க்கு நிலையம் எதற்கு என்று வியப்பவர்க்கு இதுவே விடை.

மூன்றாவது சான்று கம்பு. இதுதான் தேஹு ரோடு போன்ற ஊரின் சூழலுக்கு மிகவும் நெருங்கியது. ஏனெனில் இதில் பயிரும் காட்டுச் செடியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. மழைக்காலத்தில் விளையும் கம்பின் கதிரில், பூக்கும் தருவாயில் தேன் ஒழுகல் நோய் வரும். சூல்முடி வழியே பூசணம் புகுந்து, சூலகத்தில் வளர்ந்து, இளஞ்சிவப்பான இனிப்புத் திரவமாகக் கசியும். பின்னர் தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கருநிறக் கட்டியொன்று உருவாகும். 1957-இல் பிடே, ஹெக்டே ஆகிய இருவர், அன்றைய பம்பாய் மாநிலத்துக் கம்பில் இந்நோய் தோன்றியதைப் பதிவு செய்தனர். கருங்கட்டிகள் கலந்த கம்பை உண்டவர்க்குக் குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் உண்டாகும். ஆதலின் இது விளைச்சலைக் குறைக்கும் நோய் மட்டுமன்று. உண்பவர் உடல்நலத்தையும் தொடுவது.

கம்பு அறுவடையானபின் இப்பூசணம் என் செய்யும்? ஒரு வழி, கருங்கட்டிகள் மண்ணில் உதிர்ந்து கிடந்து அடுத்த மழையில் முளைப்பது. மற்றொரு வழி, வரப்போரத்திலும் குன்றுச் சரிவிலும் நிற்கும் பல்லாண்டுப் புற்கள். தமிழ்நாட்டில் கொழுக்கட்டைப் புல் எனப்படும் புல் இப்பூசணத்துக்கு இடங்கொடுக்கிறது. கம்பின் உறவான காட்டுப் புல் ஒன்றிலும் தேன் ஒழுகல் நோய் உள்ளதைத் திருமலாச்சார் 1945-இலேயே எழுதியிருந்தார். இதைக் கேள்விப்பட்டவுடன் வரப்புப் புல்லையெல்லாம் தீவைத்துக் கொளுத்தத் துணிபவர் உண்டு. அது பேதைமை. கொழுக்கட்டைப் புல் வறண்ட நிலத்தில் கால்நடைக்குக் கிடைக்கும் நல்ல தீவனம், மண்ணரிப்பையும் தடுக்கிறது, நெருப்பில் மேற்புல் எரிந்தாலும் அடித்தூர் மீண்டும் துளிர்க்கும். இப்பூசணமோ பூவின் வழியாகவே புகுகிறது. எனவே புல் கதிர்விடும் முன் அறுத்து மாட்டுக்கு இட்டால் பூசணத்தின் வழி அடைபடும், தீவனமும் வீணாகாது. ஆழ உழுதால் மண்ணில் உதிர்ந்த கட்டிகள் புதைந்துபோகும். விதையில் கலந்தவற்றை நீக்க, 10 லிட்டர் நீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்து விதையை அதில் இட வேண்டும், கருங்கட்டிகள் மிதக்கும். அவற்றை வடித்தெடுத்துவிட்டு, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி நிழலில் உலர்த்துவது வழக்கம்.

விதிக்கு அடங்காதவை

மேற்கூறிய விதி எல்லாப் பூசணங்களுக்கும் பொருந்தாது. செடியின் உடலுக்குள் மெல்லப் பரவி, பருவந்தோறும் வெளிப்படும் நோய்களுக்கே அது நன்கு பொருந்தும். இலையில் புள்ளியிட்டு, சில நாட்களில் வித்துவிட்டு, ஒரே மழைக்காலத்தில் பல தலைமுறை பெருகும் பூசணங்களுக்கு ஆதாரச் செடி ஒரு பருவமே வாழ்ந்தாலும் போதுமானது. தடித்த சுவருடைய உறக்க வித்துகளை மண்ணிலோ காய்ந்த சருகிலோ விட்டுச் செல்பவற்றுக்கும் அவ்வாறே; செடி மடிந்தாலும் வித்து காத்திருக்கும். காசித்தும்பை இனத்தைப் பற்றும் அடிச்சாம்பல் நோய் இவ்வகையது. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பூங்காக்களில், ஒரு பருவத்துக்கென நடப்படும் காசித்தும்பைச் செடிகள் இலையுதிர்ந்து வெறுந்தண்டாக நின்றன. எதிர்ப்புக் குன்றிய செடிகள் ஒரே இனமாக, நெருக்கமாக நடப்பட்ட இடத்தில் நோய் வந்து சேர்ந்ததன் விளைவு அது.

அடிச்சாம்பலும் வெண்துருவும் உண்டாக்குபவற்றை இன்றைய வகைப்பாட்டியல் உண்மைப் பூசணங்களினின்று பிரித்து, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய தனிக் கூட்டமாக வைக்கிறது. எனினும் பயிர் நோய் நூல்களில் அவை பூசணங்களுடனேயே பேசப்படுவதால், இங்கும் அம்மரபே பின்பற்றப்படுகிறது. விஷ்ணுகிராந்தியின் இலையடியில் வெண்ணிறக் கொப்புளங்களாகத் தோன்றும் வெண்துருவை முதலில் வருணித்துப் பெயரிட்டவர் தாம்லே. பின்னர் சபியுல்லாவும் திருமலாச்சாரும் அதனை இன்று வழங்கும் பேரினத்தில் சேர்த்தனர். விஷ்ணுகிராந்தி தரையோடு படர்ந்து கிடப்பதால் இக்கொப்புளங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இரு வகைக்கும் இடைப்பட்ட செடிகளும் உண்டு. தமிழருக்கு நன்கு பழக்கமான குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுகள் பூவாமல் வளர்ந்து, ஒரே முறை கூட்டமாகப் பூத்து, விதை தந்து மடிகிறது. 2006-லும் 2018-லும் அது பூத்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மராட்டியப் பகுதியில் அதன் உறவான கார்வி ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வாறே பூக்கிறது. இவற்றின் இலையையும் தண்டையும் பற்றும் பூசணத்துக்கு இவை பல்லாண்டுச் செடிகள். பூவை மட்டுமே நம்பும் பூசணத்துக்கோ, ஒரே பூப்பருவமுடைய இவை ஓராண்டுச் செடியைப் போன்றவையே. அடுத்த பூ வரும்வரை அது பன்னிரண்டு ஆண்டு உறங்கிக் கிடக்க வேண்டும். செடியின் ஆயுளை மட்டுமன்றி, பூசணம் செடியின் எவ்வுறுப்பைப் பற்றுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டுவது இதனாலேயே.

களத்தில் கவனிக்கும் முறை

பள்ளிகளும் களப்பணியாளரும் அதிகச் செலவின்றி இதனை ஆராயலாம். ஒரே சரிவில், ஒரே நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், ஓராண்டுச் செடி இருபதும் பல்லாண்டுச் செடி இருபதும் தேர்ந்து, ஒவ்வொன்றன் அருகிலும் எண்ணிட்ட குச்சி நட வேண்டும். மழை தொடங்கிய முதல் வாரத்திலிருந்து பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு செடியையும் பார்த்து, இலையின் மேல், கீழ், தண்டு, மொட்டு, பூ ஆகிய இடங்களில் புள்ளி, பொடி, கொப்புளம், வீக்கம் உண்டா எனக் குறிக்க வேண்டும். தேஹு ரோடு சுற்றுப்புறத்தில் நிலம் பெரிதும் இராணுவத்துக்கு உரியதாகையால், முன் அனுமதி பெறாமல் குன்றுகளில் நுழைதல் கூடாது. பள்ளி வளாகத்தின் ஓரமோ ஊர்ப் புறம்போக்கோ இதற்குப் போதும்.

இத்தகைய கணக்கெடுப்பில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. செப்டம்பரில் ஒருமுறை மட்டும் சென்று எண்ணுவது முதலாவது. நோயால் இளமையிலேயே மடிந்த ஓராண்டுச் செடிகள் அதற்குள் மக்கி மறைந்திருக்கும், எஞ்சியவை நலமுடையவையே. இதைக் கண்டு ஓராண்டுச் செடிகளில் நோயே இல்லை என்று எழுதுவது பிழை. முதல் வாரத்திலேயே குச்சி நட்டு எண்ணிடுவதன் நோக்கம், இல்லாமற்போன செடியும் கணக்கில் வரவேண்டும் என்பதே. இரண்டாவது, பல்லாண்டுச் செடி இலையில் நோய் காணாதபோது அதனை நலமுடையதெனக் கொள்வது. பூசணம் கிழங்கிலோ தண்டின் அடியிலோ அடங்கியிருக்கலாம். மைக்ரோபாட்ரியம் போன்றவை பூக்கும்வரை எந்தக் குறியும் காட்டுவதில்லை. எனவே பல்லாண்டுச் செடியைக் குறைந்தது இரண்டு மழைக்காலம் தொடர்ந்து பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு நோய்ப்பட்ட அதே செடியில், மழையின் முதல் தளிரிலேயே நோய் தோன்றினால், பூசணம் செடிக்குள்ளேயே தங்கியது என ஐயுறலாம். பக்கத்துச் செடிகளில் ஒரே சமயத்தில், கீழிலைகளில் தொடங்கித் தோன்றினால், அது மண்ணிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்ததாகக் கொள்வது பொருந்தும்.

நோயுற்ற பகுதியை மாதிரியாக எடுக்கும்போது ஓரிரு இலையோ பூவோ போதும். செங்காந்தளின் கிழங்கையும் காட்டுமஞ்சளின் கிழங்கையும் தோண்டலாகாது. முன்னது மருந்துக்காகவே பல இடங்களில் அளவுமீறித் தோண்டப்பட்டு அருகி வருகிறது. மேலும் அது கொடிய நஞ்சுடையதாகையால் மாணவர் கையில் கொடுத்தலும் தகாது. எடுத்த இலையைப் பழைய செய்தித்தாளிடையே வைத்து அழுத்தி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இட்டால் ஒரே நாளில் வேறு பூசணங்கள் வளர்ந்து உண்மையான நோயை மறைத்துவிடும். உலர்ந்த மாதிரியைக் காகித உறையிலிட்டு, செடியின் பெயர், அது ஓராண்டினதா பல்லாண்டினதா என்பது, இடம், நாள், உயரம், அருகிலுள்ள பயிர், நோய் கண்ட உறுப்பு ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். மையெழுத்து ஈரத்தில் கலைந்துவிடும். புணேயில் 1946-இல் தொடங்கிய மகாராஷ்டிர அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இன்று அகார்கர் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகிறது. அஜ்ரேகர் பெயரால் அமைந்த பூசண உலர்மாதிரித் தொகுப்பு அங்கே உள்ளது. செடியின் பெயரைத் தீர்மானிப்பதில் ஐயம் எழுந்தால், அதே நகரிலுள்ள இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் மேற்கு வட்ட அலுவலகத்தை அணுகலாம். செடியின் பெயர் தவறினால் பூசணத்தின் பெயரும் தவறும். ஆதலின் நோயுற்ற இலையுடன், அதே இனத்தின் நலமான, பூவுள்ள கிளையொன்றையும் தனி உறையில் சேர்த்து அனுப்ப வேண்டும்.